ஷவரில் பூஞ்சை: எந்த இடம், என்ன நிறம் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்

போன மாதம்தான் பிளீச் ஊற்றித் தேய்த்தோம், பளிச்சென்று ஆனது. இந்த மாதம் அதே மூலையில் அதே கறுப்பு. குளியலறைப் பூஞ்சையோடு மல்லுக்கட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் இரண்டு வருஷம் இப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை வலித்ததுதான் மிச்சம். அது ஏன் அந்த மூலையில் மட்டும் வருகிறது, பக்கத்து மூலை ஏன் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பூஞ்சைக்கு நான்கு வேண்டும்: வித்து, சாப்பாடு, இதமான சூடு, ஈரம். வித்துகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன, அவற்றைத் தடுக்க வழியில்லை. சாப்பாட்டை நாமே தினமும் போடுகிறோம்: சோப்புப் படலம், ஷாம்பு மிச்சம், உடம்பிலிருந்து கழியும் தோல் துகள், எண்ணெய்ப் பசை. நமக்கு எந்தச் சூடு இதமோ அதற்கும் அதே. ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் தலையெடுக்காது. ஷவர் தினமும் நனைகிறது. ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் நடுவே முழுசாகக் காயாத இடம் எதுவோ அங்கே கறுக்கும்.

அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. குளித்து மூன்று மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். காய்ந்த டைல்ஸ் இடுக்கு வெளிறித் தெரியும். ஈரமானது ஒரு படி கறுத்துத் தெரியும். ஓரங்களிலும் ஷாம்பு பாட்டிலுக்கு அடியிலும் தேங்கிய துளிகள் மினுங்கும். எங்கெல்லாம் மினுங்குகிறதோ ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அறிகுறிகளில் உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க அந்தத் தாள் உதவும்.

## தொடங்கும் முன்

பிளீச்சையும் வினிகரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். பிளீச்சோடு அமிலம் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும்; வினிகர், எலுமிச்சைச் சாறு, கழிப்பறை ஆசிட் எல்லாம் இதில் அடக்கம். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும்; அதோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் வாயு. ஸ்பிரிட்டோடும் சேர்க்கக் கூடாது. கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் இவை நுரையீரலை நேராகத் தாக்கும். “ரெண்டையும் கலந்தா பவர் ஜாஸ்தி” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலப்பதும் வேண்டாம். எரிச்சலூட்டும் வேறோர் அமிலம் உண்டாகும்.

ரப்பர் கையுறை கட்டாயம். கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். பழைய டூத்பிரஷ்ஷால் இடுக்கைத் தேய்க்கும்போது பிளீச் துளி தெறிப்பது முகத்துக்கு நேராகத்தான். என்95 முகக்கவசம் வித்துகளைத் தடுக்கும், ஆனால் பிளீச் நெடியைத் தடுக்காது. அதனால் கதவு, ஜன்னல், ஃபேன் எல்லாம் திறந்திருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தேய்க்கிற நேரத்தில் பக்கத்து அறையில்கூட இருக்க வேண்டாம். பூஞ்சையைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் நனையுங்கள், அப்போதுதான் வித்து பறக்காது.

கொரோனா காலத்தில், 2021இல், செய்திகளில் அடிபட்ட ‘கருப்பு பூஞ்சை’ நோய் வேறு. அது மியூகார்மைக்கோசிஸ் என்ற தொற்று. டைல்ஸ் இடுக்கில் கறுப்பைப் பார்த்ததும் அதுதான் இது என்று பதற வேண்டாம். குளியலறையில் கறுப்பாக வளரும் பூஞ்சைகள் பல உண்டு, கிளாடோஸ்போரியம் அவற்றில் சாதாரணமானது. நிறத்தை வைத்து இன்ன பூஞ்சை என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எதுவாக இருந்தாலும் அகற்றும் முறை ஒன்றுதான். அதற்காக அலட்சியமும் கூடாது. வீட்டு ஈரமும் பூஞ்சையும் மூச்சுக் கோளாறுகளோடும் ஆஸ்துமாவோடும் தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது.

கறுப்பு பூஞ்சையா வெறும் அழுக்கா என்று சந்தேகமா? காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பிளீச்சில் தோய்த்து ஒரு புள்ளி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சை. அப்படியே இருந்தால் அழுக்கு, அல்லது உலோகக் கறை.

## டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் புள்ளிகள்

இதுதான் எல்லோருக்கும் வருவது. டைல் வழவழப்பானது, தண்ணீர் ஓடிவிடும். இடுக்கில் அடைத்திருக்கும் கிரௌட் சிமெண்டால் ஆனது, நுண்துளைகள் நிறைந்தது, தண்ணீரையும் சோப்பையும் சேர்த்துக் குடிக்கும்.

பலர் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் பிளீச் ஊற்றுவது. மேலே சோப்புப் படலம் இருந்தால் பிளீச்சின் வீரியமெல்லாம் அந்தப் படலத்திலேயே செலவாகிவிடும், அடியில் இருக்கும் பூஞ்சைக்குப் போய்ச் சேராது. முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு நைலான் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து அலசுங்கள். பாதிக் கறுப்பு இதிலேயே போய்விடும்.

மிச்சத்துக்கு நான் முதலில் எடுப்பது ஆக்சிஜன் பிளீச் எனப்படும் சோடியம் பெர்கார்பனேட் தூள். வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக் களிம்பாக இடுக்கில் அப்பி, 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு அழுக்கு மேலே வரும். நெடியும் குறைவு. அதற்கும் மசியவில்லை என்றால், நன்றாக அலசிவிட்டுக் குளோரின் பிளீச். 5 அல்லது 6 சதவீதம் உள்ள சாதாரண பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி போதும். பச்சைத் தண்ணீரிலேயே கலக்குங்கள். சுடுதண்ணீரில் வீரியம் போய்விடும். பூசி 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு, பிறகு அலசுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைத்தால் பலன் குறையும். மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் பாட்டிலுக்கும் இதே கதிதான்.

பிளீச் நிறத்தை எடுத்துவிடுவதால் வேலை முடிந்த மாதிரி தெரியும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். ஆகவே வெளுத்ததும் விட்டுவிடாமல் தேய்த்து அலசி வெளியேற்றுங்கள். பூஞ்சை சுத்தம் செய்யப் பிளீச்சை வழக்கமாகப் பயன்படுத்தத் தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. அகற்று, காயவை என்பதுதான் அவர்கள் பாடமும்.

இரண்டு ‘வேண்டாம்’கள். கம்பி பிரஷ் வேண்டாம். அது போடும் கீறல்கள் அடுத்த பூஞ்சைக்கு வீடு. வாராவாரம் வினிகர் வேண்டாம். அமிலம் சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மார்பிள் போன்ற சுண்ணாம்புக் கற்களில் ஒரு தடவைகூட வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

சுத்தமானதும் ஒரு சோதனை. காய்ந்த கிரௌட்டில் நாலு துளி தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் நல்லது. சில நிமிடங்களில் உறிஞ்சிக் கறுத்தால் சீலர் பூச வேண்டிய நேரம். பூசுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் அந்த ஷவரைப் பயன்படுத்தாமல் காயவிட முடிந்தால் உத்தமம். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்த மாதிரி ஆகும். டைல் மேல் வழிந்த சீலரை உடனே துடைத்துவிடுங்கள். சீலர் தண்ணீர் உள்ளே இறங்குவதைக் குறைக்குமே தவிர, அதன் மேல் படியும் சோப்பில் பூஞ்சை வளர்வதைத் தடுக்காது. கிரௌட் உதிர்ந்து பள்ளம் விழுந்திருந்தால் சீலருக்கு வேலையே இல்லை. பழையதைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். மேலாக ஒரு கோட்டு பூசி மறைப்பது ஒரு மாதம் தாங்காது, பொரிந்து வந்துவிடும்.

கறுப்பு கீழ் இரண்டு வரிசையில் மட்டும் என்றால் தரையைக் கவனியுங்கள். ஒரு குவளைத் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிப் பாருங்கள். ஜாலியை (வடிகால் மூடியை) நோக்கி ஓடாமல் மூலையில் குளம் கட்டி நின்றால், வாட்டம், அதாவது தரையின் சரிவு, சரியில்லை. எத்தனை தேய்த்தாலும் அந்த மூலை கறுக்கும். தரையைப் பெயர்த்து வாட்டம் எடுக்கும் வரை, குளித்ததும் அந்தக் குளத்தை வைப்பரால் தள்ளிவிடுவதுதான் மருந்து.

## சிலிக்கான் ஓரம் கறுத்துவிட்டது, தேய்த்தால் போகவில்லை

சுவரும் தரையும் சேரும் மூலை, தொட்டியின் விளிம்பு, கண்ணாடியின் அடி. இங்கெல்லாம் சிலிக்கான் பூசியிருப்பார்கள். இதில் கறுப்பு இரண்டு விதம்: மேலே படிந்தது, உள்ளே இறங்கியது. தேய்த்துப் பிரித்தறிய முடியாது. ஊறவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டிஷ்யூ காகிதத்தைக் கயிறு போல முறுக்கி, மேலே சொன்ன அளவில் கலந்த பிளீச்சில் நனைத்து, சிலிக்கான் நெடுக ஒட்டி வையுங்கள். செங்குத்தான ஓரத்தில்கூட ஈரக் காகிதம் ஒட்டிக்கொள்ளும். காயாமல் இருக்க மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டு மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது வெளுத்திருந்தால் தப்பித்தீர்கள். குரோம் குழாய்களிலும் உலோகச் சட்டங்களிலும் இந்த ஈரம் படக் கூடாது, அரித்துவிடும்.

காகிதத்தை எடுத்த பிறகும் சாம்பல் நிழலாகக் கறுப்பு தெரிந்தால் அது சிலிக்கானுக்குள்ளேயோ பின்னாலேயோ இருக்கிறது. ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். தூக்கிக்கொண்டு வந்தால், பின்னால் தண்ணீர் போய்வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இனி பிளீச்சுக்குச் செலவழிக்கும் நேரமெல்லாம் வீண். பழையதை எடுத்துவிட்டுப் புதிது பூசுங்கள்.

இந்த இடத்தில் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பழையதை உரிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே புதுச் சிலிக்கானை வெள்ளை வெளேரென்று பூசினேன். ஆறே வாரம். புதுசு ரிப்பன் மாதிரி ஒரே இழுப்பில் கையோடு வந்தது; பின்பக்கம் முழுக்கக் கறுப்புக் கூழ். காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது. அந்த இடைவெளியில் தண்ணீர் தேங்கி, வெளியிலிருந்து காற்றும் புகாமல், பூஞ்சைக்கு நானே குடிசை போட்டுக் கொடுத்திருந்தேன்.

சரியான முறை இது. கூரான கத்தியால் சுவர்ப் பக்கம் ஒரு கீறல், தரைப் பக்கம் ஒரு கீறல் போட்டு, நடுவிலிருப்பதை உரித்து எடுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புப் பட்டித்தகடு தொட்டியின் எனாமலைக் கீறிவிடும். பள்ளத்தில் கறுப்பு இருந்தால் பிளீச் தண்ணீர் போட்டு 10 நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். அதன் பிறகு காயவிடுவதில்தான் விஷயமே இருக்கிறது. குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், மேஜை ஃபேனை அந்த மூலையைப் பார்க்கத் திருப்பி ஓடவிடுங்கள். கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரியும் மூலைக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். முற்றும் காய்ந்த பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை போக ஒரு தடவை துடையுங்கள். பிளீச் மிச்சம் இல்லை என்று உறுதியானால் மட்டும்.

குளியலறைக்கென்றே பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த சிலிக்கான் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். இரு பக்கமும் காகித நாடா ஒட்டி, குழலின் மூக்கைச் சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் பூசுங்கள். சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரு தடவை நீவி, மேலே தோல் கட்டும் முன் நாடாவை உரியுங்கள். தொட்டியின் விளிம்பு என்றால் இன்னொன்று: பூசுவதற்கு முன் தொட்டியில் தண்ணீரை நிரப்புங்கள். எடைக்குத் தொட்டி கொஞ்சம் கீழே இறங்கும். அந்த நிலையில் பூசினால் பிறகு ஆள் இறங்கும்போது விரிசல் விடாது. காயும் வரை தண்ணீரை வடிக்க வேண்டாம். 24 மணி நேரத்துக்கு ஷவர் பக்கம் யாரும் போகக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

## இளஞ்சிவப்பாக, வழவழவென்று

இது பூஞ்சையே இல்லை. ஜாலியைச் சுற்றியும் சோப்புக் கிண்ணத்திலும் திரையின் அடியிலும் ரோஸ் நிறத்தில் படரும் இந்தப் பிசுபிசுப்பு பெரும்பாலும் பாக்டீரியா. செராட்டியா மார்செசென்ஸ் என்பது அடிக்கடி காணப்படுவது. சில நேரம் சிவப்பு ஈஸ்ட்டும் சேர்ந்திருக்கும். சோப்பும் ஷாம்பும்தான் இதற்குத் தீனி. துடைத்தால் விரலிலேயே வந்துவிடும், ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். அதுதான் இதன் சுபாவம். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து அலசி, பிளீச் தண்ணீர் 10 நிமிடம், பிறகு அலசித் துடைத்துக் காயவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸ் டப்பாவைக் குளியலறைத் திட்டில் வைக்க வேண்டாம், இந்தப் பாக்டீரியா கண்ணில் தொற்று உண்டாக்கக்கூடியது.

## வெள்ளையாகப் பூத்திருக்கிறது

மூன்றில் ஒன்று. ஒரு துளி வினிகர் விடுங்கள். பொங்கினால் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவு. ஷவர் தலையிலும் கண்ணாடியிலும் இருப்பது இதுதான். ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்தால் போகும். பஞ்சு போல மயிர் மயிராக இருந்து, தண்ணீர் பட்டதும் படிந்து சுருண்டால் பூஞ்சை.

மூன்றாவதுதான் கவலைப்பட வேண்டியது. டைல்ஸ் இடுக்கிலிருந்தோ, சுவரின் மறுபக்கத்திலிருந்தோ மாவு மாதிரி உப்பு பூத்து, துடைத்தால் உதிர்ந்து, சில நாளில் மறுபடி பூத்தால், சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது. அந்தத் தண்ணீர் சிமெண்டின் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, ஆவியாகும்போது விட்டுவிட்டுப் போகிறது. இதற்குத் துடைப்பது மருந்தில்லை. கடைசியில் இருக்கும் கசிவுச் சோதனைக்குப் போங்கள்.

## ஆரஞ்சு, பழுப்புக் கறை

தண்ணீரிலுள்ள இரும்பு. இதற்குப் பிளீச் போட்டால் கறை இன்னும் ஆழமாக ஏறிவிடும். சிட்ரிக் அமிலம் அல்லது ஆக்சாலிக் அமிலம் கலந்த துருநீக்கி போடுங்கள். பிளீச் போட்ட அதே நாளில் போடாதீர்கள்.

## மேல்கூரையில் புள்ளி புள்ளியாக

தண்ணீரே தெறிக்காத இடத்தில் எப்படி? நீராவி. 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 டிகிரியில் 17 கிராம்தான். குளித்து முடித்த கதகதப்பான காற்று குளிர்ந்த கூரையில் போய் முட்டும்போது, தாங்க முடியாததை அங்கேயே துளியாக விட்டுவிடுகிறது. வெளிச்சுவரை ஒட்டிய மூலை மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், அதனால் புள்ளிகள் முதலில் அங்கே வரும்.

ஃபேன் ஓடுகிறதே என்கிறீர்களா? சத்தம் வருகிறதா என்று பார்க்காதீர்கள், இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிஷ்யூ காகிதத்தை ஃபேன் வாயில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் வீட்டில் விழுந்துவிட்டது. ஏறிப் பார்த்தால் வெளிப்பக்க மடிப்புத் தகடு தூசியில் இறுகித் திறக்காமலேயே இருந்தது. எத்தனை மாதம் அப்படிக் கிடந்ததோ, ஃபேன் மட்டும் தன் கடமைக்கு உறுமிக்கொண்டிருந்தது. வாயை மூடிய தூசியை எடுங்கள், தகடு திறக்கிறதா பாருங்கள். குழாய் வழியாக வெளியே போகும் ஃபேன் என்றால், அந்தக் குழாய் உண்மையிலேயே வெளியே போகிறதா, கூரைக்குள்ளேயே நீராவியைக் கொட்டுகிறதா என்று பாருங்கள். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் எந்த ஃபேனாலும் வெளியே தள்ள முடியாது. குளித்த பிறகும் 20, 30 நிமிடம் ஓடட்டும்.

கூரையைச் சுத்தம் செய்யும்போது மேல்நோக்கித் தெளிக்காதீர்கள், கண்ணில் விழும். நீளக் கைப்பிடி உள்ள ஸ்பாஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, முற்றும் காய்ந்த பிறகே பூஞ்சைத் தடுப்புப் பெயின்ட். பூஞ்சை மேலேயே பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் பொரிந்து உரியும்.

புள்ளிகளாக இல்லாமல் பழுப்பு விளிம்போடு ஒரே வட்டமாக இருந்தால் நீராவியைக் குற்றம் சொல்ல வேண்டாம். மேலேயிருந்து ஒழுகுகிறது.

## திரை, கண்ணாடிக் கதவு

திரையைச் சலவை இயந்திரத்தில் இரண்டு பழைய துண்டுகளோடு போட்டுச் சோப்புத்தூளில் துவையுங்கள். துண்டுகள் பிரஷ் மாதிரி தேய்க்கும். குளித்ததும் திரையைச் சுருட்டி ஒதுக்காமல் விரித்து விடுங்கள், மடிப்புக்குள் காயாது. நகரும் கண்ணாடிக் கதவின் தடத்தில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை சோப்பில் அடைத்திருக்கும். பல்குச்சியால் குத்தி விடுங்கள்.

## கறுப்பு எதுவும் தெரியவில்லை, மக்கிய வாடை மட்டும்

ராத்திரி ஜாலியின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து நாடாவால் நன்றாக ஒட்டிவிடுங்கள். காலையில் அறையில் வாடை இல்லை, தாளை எடுத்ததும் குப்பென்று அடிக்கிறது என்றால், முடியும் சோப்பும் சேர்ந்த கூழ் வடிகாலுக்குள் கிடக்கிறது. ஜாலியைக் கழற்றிக் கையால் எடுத்துவிட்டுப் பிரஷ் போடுங்கள். அதிகம் புழங்காத குளியலறை என்றால் வடிகால் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றினால் தீர்ந்தது.

தாள் ஒட்டியிருந்தும் வாடை அப்படியே இருந்தால் சுவரைத் தட்டிப் பாருங்கள். விரல் முட்டியால் ஒவ்வொரு டைலாக. கெட்டியான ‘டக் டக்’குக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் வெற்றுப் பானையைத் தட்டிய சத்தம் கேட்டால், அந்த டைல் சுவரை விட்டுப் பெயர்ந்திருக்கிறது. பின்னால் தண்ணீர் இருக்கலாம்.

## எல்லாம் செய்தும் பத்தே நாளில் அதே இடத்தில்

இப்போது கசிவைத் தேட வேண்டும். எடுத்தவுடன் ஆளைக் கூப்பிட்டுச் சுவரை உடைக்காதீர்கள். வரிசையாகச் சோதித்தால் எங்கே உடைப்பது என்று தெரிந்தே உடைக்கலாம்.

முதலில் குழாய். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது. எண் நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் ஓடும் குழாய் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லையென்றால் நான்கு நாள் அந்த ஷவரைப் பயன்படுத்தாமல் விடுங்கள். அப்படியும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால் குழாய் மேல் சந்தேகம். காய்ந்துவிட்டால் அழுத்தத்தில் ஓடும் குழாய் நிரபராதி.

அடுத்து தரை. ஜாலியை அடைத்துவிட்டு, தரையில் விளிம்பைத் தாண்டாமல் ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். சில மணி நேரத்தில் குறியை விட்டுத் தெளிவாக இறங்கியிருந்தால் தரையோ வடிகால் பொருத்தோ கசிகிறது. கீழ்த்தளம் இருந்தால் ஒருவர் கீழே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

தரையும் தாங்கினால் மிச்சம் சுவர். ஷவர் குழலைக் கையில் பிடித்து, கீழ்ப் பகுதியில் பத்து நிமிடம் அடித்து மறுபக்கச் சுவரைப் பாருங்கள். பிறகு கொஞ்சம் மேலே, இன்னும் மேலே. எந்த உயரத்துக்குப் போனதும் மறுபக்கம் நனைகிறதோ, ஓட்டை அங்கே. பெரும்பாலும் குழாய் சுவரை விட்டு வெளியே வரும் துளையைச் சுற்றித்தான் இருக்கும். அந்த அலங்காரத் தட்டைத் தள்ளிப் பார்த்தால் பின்னால் வாய் திறந்தபடி கிடக்கும். கையளவு சிலிக்கானில் முடிகிற வேலை.

சுவர் ஜிப்சம் பலகையால் ஆனது, அதன் காகித மேற்பரப்பு கறுத்துவிட்டது என்றால் கழுவிப் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து நனையும் காகிதம் ஸ்டாக்கிபோட்ரிஸ் போன்ற பூஞ்சைகளுக்குப் பிடித்த இடம். பூஞ்சை பிடித்த பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரைத் தாண்டினால், அல்லது கழிவுநீர் கலந்திருந்தால், நீங்களே செய்ய வேண்டாம், ஆளை வையுங்கள்.

## திரும்ப வராமல் இருக்க

ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்கிறவர்களுக்கு: கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பர் ஒன்றை ஷவருக்குள்ளேயே மாட்டி வையுங்கள். கடைசியாகக் குளிப்பவர் வேலை அது. மேலிருந்து கீழாக, ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பின் மேல் கொஞ்சம் ஏறும்படி. சுவர், கண்ணாடி, பிறகு திட்டு, கடைசியில் தரைத் தண்ணீரை ஜாலிக்குள் தள்ளுவது. பழகிவிட்டால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அடித்து முடித்ததும் கீழே சேரும் தண்ணீரைப் பார்த்தால், இத்தனையும் சுவரிலேயே உட்கார்ந்து காய வேண்டியதா என்று தோன்றும்.

பாட்டில்களைத் தரையிலும் திட்டிலும் வைக்காமல் தொங்கும் கம்பித்தட்டில் வையுங்கள். ஈரத் துண்டை உள்ளே காயப்போடாதீர்கள். கட்டிச் சோப்பு உப்புத் தண்ணீரோடு சேர்ந்து படலம் கட்டும். திரவக் குளியல் சோப்பு பலவற்றில் அது குறைவு. வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் ஒரு தேய்ப்பு. சின்ன ஈரப்பதமானி ஒன்றைக் குளியலறைக்குள் தண்ணீர் தெறிக்காத சுவரில் மாட்டிவைத்தால், குளித்த பிறகு ஈரப்பதம் எவ்வளவு நேரத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது என்று தெரியும். மணிக்கணக்கில் இறங்காமல் நின்றால் மறுபடி அந்த டிஷ்யூ காகிதச் சோதனை.

சுத்தம் செய்து முடித்த அன்றே ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம். பழைய இடத்திலேயே கறுத்திருந்தால் கசிவுச் சோதனையை மறுபடி முதலிலிருந்து. புது இடத்தில் வந்திருந்தால் யாரோ அங்கே ஷாம்பு பாட்டிலை வைத்திருக்கிறார்கள்.